வெந்நீர் பட்ட காது

ஆய்வகத்தில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். ஒருவன் ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். அன்றைக்கு அவன் காது தப்பியதே பெரிய காரியம். மற்றபடி முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவள் காதுக்காரிதான். அது அவளுக்கும் தெரியும். தெரியாதவள் மாதிரி இருந்துகொள்வாள்.

பத்தொன்பது வருடமாகத் திங்களும் வியாழனும், விடிந்தும் விடியாமலும், நீல நிற ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கசாப்புக்கூடத்துக்குப் போய்ப் பன்றிக் காது வாங்கி வருகிறாள். திரும்பும்போது பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சும்மா இருப்பதில்லை.

"பெட்டியில என்னங்க, ஐஸ்கிரீமா?"

"காது."

அதற்கப்புறம் அந்த இருக்கை முழுக்க அவளுக்கே.

பன்றியின் காதுத் தோலும் மனிதத் தோலும் பங்காளிகள் மாதிரி, அவ்வளவு ஒற்றுமை. இதைச் சொன்னால் மனிதர்களுக்குக் கோபம் வருகிறது. பன்றிகளிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. காதுக்காரி அந்தத் தோலைக் கத்தியால் நோகாமல் உரிப்பாள். முடியைக் கத்தரியால் ஒட்ட வெட்டுவாள், சவரக்கத்தி வைக்கமாட்டாள், கீறல் விழுந்துவிடும். வட்டமாக நறுக்கி, இரண்டு கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவில் கதவு மாட்டுவதுபோல் மாட்டுவாள். மேல் குப்பியில் மருந்து, கீழ்க் குப்பியில் உப்புநீர். மணிக்கொரு தடவை கீழேயிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, கதவைத் தாண்டி எவ்வளவு மருந்து இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். விஞ்ஞானம் இவ்வளவுதான். மீதியெல்லாம் இங்கிலீஷ்.

அந்த ஆய்வகத்தில் தேடிக்கொண்டிருந்தது சொரியாசிசுக்கு ஒரு வழி. மருந்து ஏற்கனவே இருக்கிறது. விழுங்கினால் வேலை செய்யும், ஆனால் ஈரலைப் பதம் பார்த்துவிடும். மேலே பூசினால் ஈரல் தப்பிக்கும், ஆனால் தோல் உள்ளே விடாது. தோலைப்போல் கறாரான வாட்ச்மேன் உலகத்தில் இல்லை. மழைத் தண்ணீரையே வாசலோடு திருப்பி அனுப்புகிறவன். அவனை ஏமாற்றத்தான் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி நாலு வருடமாகக் கொழுப்பில் குமிழி செய்துகொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத குமிழி. மருந்தை வயிற்றுக்குள் ஒளித்துக்கொண்டு, உடம்பை நெளித்து, செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் நுழைந்துவிட வேண்டும். சுவரேறிக் குதித்துச் சினிமாவுக்குப் போகிறவன் மாதிரி. அந்த மாணவிக்கும் குமிழி என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆறு செய்முறை தோற்றுப்போயிருந்தன. ஏழாவது நடந்துகொண்டிருந்தது.

காதுக்காரிக்கு ஒரு தம்பி. முடி திருத்துகிறவன். தாடி ஒதுக்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர் வாங்கியவன். முப்பதாவது வயதில் முழங்கையில் ஒரு சிவப்புத் திட்டு வந்தது. பிறகு முழங்கால், பிறகு விரல்கள். திட்டின் மேல் வெள்ளிச் செதில். தொற்றாத நோய் என்று அவனே கண்ணாடியில் எழுதி ஒட்டினான். ஒட்டி என்ன செய்ய? செதில் உதிரும் கையால் கழுத்தைத் தொட யார் விடுவார்கள்? கடைக்காரர் முதலில் கையுறை போடச் சொன்னார். அப்புறம் நாற்காலியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு இவனிடம் துடைப்பத்தைக் கொடுத்தார். "தாடிக்குப் பேர் போனவன், இப்ப தரைக்குச் சவரம் பண்றேன்" என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். அவள் சிரிக்கமாட்டாள்.

ஊசி அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை ஒத்துக்கொண்டது, ஈரலுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு வருடம் தாங்கும், அதற்குள் வேறு வழி பாருங்கள் என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். ஆகவே குமிழிக் களிம்பை முதன்முதலில் பன்னிரண்டு வாரம் பூசிப் பார்க்கப் பன்னிரண்டு நோயாளிகள் வேண்டும் என்று அறிவித்தபோது, பட்டியலில் முதல் பெயர் தம்பியுடையது. ஒரே நிபந்தனை: ஆறு வாரம் முன்கூட்டியே மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் களிம்பின் வேலை தனியாகத் தெரியும்.

இத்தனைக்கும் களிம்பு தோலைத் தாண்டுகிறதா என்றே அப்போது தெரியாது. ஆய்வகத் தலைவருக்குப் பொறுமை இல்லை. எதைக் கேட்டாலும் திரையில் படம் போட்டு விளக்குகிறவர்; ஸ்லைடு சார் என்பது மாணவர்கள் வைத்த பெயர். "ரிசல்ட் வந்ததும் ஆரம்பிச்சிடணும், ஆள் ரெடியா இருக்கணும்" என்று, பிள்ளை பிறக்கும் முன்னே அதற்குப் பள்ளிக்கூடத்தில் இடம் பிடித்தார். பன்னிரண்டு பேரும் மாத்திரையை நிறுத்தினார்கள்.

ஐந்தாவது வாரம் தம்பியின் உள்ளங்கால் வெடித்தது. ஒரு வியாழக்கிழமை அதிகாலை உடம்பு முழுக்கச் சிவந்து, காய்ச்சலில் பல் தந்தியடிக்க, "அக்கா, குளிருதுக்கா" என்றான். அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஓடுகிற வண்டியிலிருந்து குமிழிக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு நீ போய் வாங்கிட்டு வா. எட்டு காது. ஐஸ் நிறைய போடு. கிழிஞ்சது இருந்தா வாங்காத."

"சரிக்கா. நான் பாத்துக்கறேன். நீங்க தம்பியைப் பாருங்க."

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்தில் அதை யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லை. மூச்சு விடு என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

திங்கட்கிழமை அவள் காதுப் பெட்டியோடு உள்ளே நுழைந்தபோது ஆய்வகத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா! பதினோரு மடங்குக்கா!" குமிழி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "வெறும் மருந்து ஒரு பங்கு இறங்கின இடத்துல, ஏழாவது குமிழி பதினோரு பங்கு! உங்க தம்பி தாடி எடுக்கப் போறான் பாருங்க, முதல் தாடி சாரோடது!"

"எனக்குத் தாடியே இல்லம்மா" என்றார் ஸ்லைடு சார். அன்றைக்கு எல்லாருக்கும் எல்லாமே சிரிப்பு. "புதன்கிழமை அனுமதிக் குழு கூடுது. அடுத்த திங்கள் உங்க தம்பிக்குக் களிம்பு."

காதுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு, கொண்டுவந்த காதுகளை வைக்கக் குளிர்பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே வியாழக்கிழமை மிச்சம் இரண்டு காது இருந்தது. வெள்ளை வெளேரென்று, முடியே இல்லாமல், குளித்துப் பவுடர் போட்ட குழந்தை மாதிரி. எடுத்தாள். கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தாள். மேல்தோல் சுருண்டு கையோடு வந்தது.

வாயிலிருந்த கேக்கைக் குப்பைக்கூடையில் துப்பினாள்.

கசாப்புக்கூடத்தில் பன்றியைக் கொன்றதும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள், முடி போக. முடியோடு சேர்ந்து மேல்தோலும் வெந்து கழன்றுவிடும். ஆகவே தொட்டிக்கு முன்னாலேயே நின்று, அழுக்கும் முடியுமாக அறுத்து வாங்க வேண்டும். அவள் சொல்ல மறந்தது அந்த ஒன்றுதான்.

"இதை யாருடி குடுத்தா?"

"அந்த வெட்டுறவர்தான்க்கா. முதல்ல முடியோட இருந்ததை எடுத்தாரு. நான்தான் சுத்தமா இருக்கறதா குடுங்கன்னு கேட்டு வாங்கினேன். நீங்க முடி வெட்டவே அரை நாள் குனிஞ்சி நிப்பீங்களே..." குமிழியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஏன்க்கா?"

கோபப்படலாம் என்று வாயைத் திறந்தவள், இந்தப் பதிலைக் கேட்டு எங்கே படுவது என்று தெரியாமல் நின்றாள். தனக்காகச் செய்திருக்கிறாள், பாவி.

"மீட்டர் வெச்சுப் பாத்தியா?"

மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு தோல் துண்டுக்கும் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். நல்ல தோல் மின்சாரத்தைத் தடுக்கும், எண் ஏறும். ஓட்டைத் தோல் விட்டுவிடும், எண் இறங்கும்.

"பாத்தேன். எல்லாத் துண்டுக்கும் ரொம்பக் கம்மியா காட்டிச்சு. உரிச்ச ஆறு காதும் ஒரே மாதிரி கெட்டிருக்குமா? அதான் மீட்டர் கெட்டுப்போச்சுன்னு..." நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அழகான கையெழுத்தில் இருந்தது: மீட்டர் பழுது.

காதுக்காரி அன்றைக்கு வாங்கி வந்த காதிலிருந்து ஒரு துண்டு நறுக்கி, அதே மீட்டரை வைத்தாள். எண் ஜம்மென்று ஏறி நின்றது. மீட்டருக்கு ஒரு கேடும் இல்லை.

"வெறும் மருந்தை எந்தத் தோல்ல பாத்த?"

"அது... போன மாசம் நீங்க உரிச்ச தோல்லக்கா."

ஆக, பழைய மருந்துக்குப் பூட்டிய கதவு. புதுக் குமிழிக்குத் திறந்த வாசல். பதினோரு மடங்கு என்ன, பதினோரு யானையே போயிருக்கும். குமிழி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்லைடு சார் அறைக் கதவைக் காதுக்காரி தட்டவில்லை. காதை மேசைமேல், திறந்திருந்த கோப்பின்மேலேயே வைத்தாள். அவர் நாற்காலியோடு பின்வாங்கினார்.

"என்னம்மா இது!"

"உங்க பதினோரு மடங்கு சார். வெந்து போன காது."

சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் கேட்டார். காதை ஒரு பேனாவால் நகர்த்திக் கோப்பைக் காப்பாற்றினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் அடுத்த படம் போடுவதற்கான அறிகுறி.

"சரி. யோசிச்சுப் பாருங்க. சொரியாசிஸ் தோலும் பழுதான தோல்தானே? நம்ம மருந்து பழுதான தோல்ல நல்லா இறங்குதுன்னு இதையே வேற விதமா சொல்லலாமே."

அவளுக்குக் காதுமடல் சூடேறியது. நல்ல வார்த்தை, படித்த வார்த்தை, கேட்கும்போது உண்மை மாதிரியே இருக்கும் வார்த்தை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவர் சோற்றைக் காட்டி இதுதான் பூசணிக்காய் என்கிறார்.

"சார், நீங்க எத்தனை வருஷமா இந்த நோய்க்கு மருந்து தேடுறீங்க?"

"இருபத்திரண்டு."

"ஒரு தடவை அந்தத் தோலைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா? ஸ்லைடுல இல்ல. கையால. என் தம்பி முழங்கை எப்படி இருக்கும் தெரியுமா? திறந்த கதவு இல்ல சார் அது. கதவுக்கு முன்னாடி செங்கல் அடுக்கிப் பூசின மாதிரி இருக்கும். வெந்த காதுல போறது அதுல போகுமா?"

"சத்தம் போடாதீங்க."

"இன்னும் போடவே இல்ல!"

வெளியே கேக் தட்டோடு நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். ஸ்லைடு சார் குரலைத் தாழ்த்தினார். "புதன்கிழமை விட்டா அடுத்த கூட்டம் ஆறு மாசம் கழிச்சு. உங்க தம்பி முதல் ஆளா இருக்கான். அதை மறந்துடாதீங்க."

அவர் மிரட்டவில்லை. அதனால்தான் அவளுக்கு அவர் குரல்வளையைப் பிடிக்கலாம் போலிருந்தது. அவள் மனசுக்குள் இருந்த திருட்டு ஆசையை எடுத்து, தட்டில் வைத்து, சாப்பிடுங்கள் என்று நீட்டுகிறார். வாயை மூடினால் திங்கட்கிழமை தம்பிக்குக் களிம்பு. வாயைத் திறந்தால், அவன் வெடித்த காலோடு கிடக்கிற கிடைக்கு அர்த்தமே இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அவளும் குமிழியும் குப்பிகளை மாட்டினார்கள். பாதி நல்ல தோல், பாதி மிச்சமிருந்த வெந்த தோல். இரண்டிலும் வெறும் மருந்து, இரண்டிலும் குமிழி மருந்து. யாரும் செய்யச் சொல்லவில்லை. அன்று முழுவதும் காதுக்காரி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாயை மூடினால்கூட ஒரு அடி அடித்துத்தான் மூடினாள்.

"என் மேல கோபமாக்கா?" என்றாள் குமிழி, மூன்றாவது மணி நேரத்தில்.

"உன் மேலயும்."

"வேற யார் மேல?"

"பேசாம நாலாவது குப்பியில எடு. மணி ஆச்சு."

மூன்று மணிக்கு எண்கள் வந்தன. வெந்த தோலில் வெறும் மருந்தும் ஓட்டமாய் ஓடியிருந்தது, குமிழியே தேவையில்லாமல். நல்ல தோலில் வெறும் மருந்து ஒன்று என்றால் ஏழாவது குமிழி ஒன்றரை. பதினொன்று எங்கே, ஒன்றரை எங்கே! குமிழி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருடம், ஒன்றரை.

காதுக்காரி தாளை எடுக்கக் கை நீட்டினாள். குமிழி கொடுக்கவில்லை.

"நான் கொண்டு போறேன்க்கா. என் நோட்டு. நான் எழுதின பொய்."

"பொய் இல்லடி, தப்பு."

"இன்னைக்கு வரைக்கும் தப்பு. நாளைக்குக் கூட்டத்துக்குப் போச்சுன்னா பொய்."

தாளோடு எழுந்து ஸ்லைடு சார் அறைக்குப் போனாள். காதுக்காரியும் பின்னாலேயே போனாள். இரண்டு பேர் சொன்னால் மறைக்க முடியாது என்று ஸ்லைடு சாருக்கும் தெரியும். தொழில்நுட்பக் காரணங்களால் ஒத்திவைக்கப்படுகிறது என்று குழுவுக்கு ஒரு வரி எழுதினார். பிறகு காதுக்காரிக்கு ஒரு கடிதம் எழுதினார்: தோல் வாங்கும் முறையை எழுத்தில் வைக்காத கவனக்குறைவு. பிள்ளை பிறக்கும் முன்னே இடம் பிடித்ததைப் பற்றி எந்தக் கடிதத்திலும் ஒரு வரி இல்லை.

கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தாள். ஆனால் அதில் எழுதியிருந்தது உண்மை. உண்மையை எப்படிக் கிழிப்பது? தாள் ஓட்டையாகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

காய்ச்சல் இறங்கி ஞாயிறன்றே வீட்டுக்கு வந்திருந்த தம்பி படுக்கையின் ஓரத்தில், கால் இரண்டையும் முக்காலியில் நீட்டி, ஈரத்துணி சுற்றி உட்கார்ந்திருந்தான். தரையில் அவனைச் சுற்றி உதிர்ந்த செதில். பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே, நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். இறக்கி வைத்தால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் அழத் தோன்றும்.

அவன் விரலை மடக்கி எண்ணினான்.

"முப்பத்தெட்டு நாள்க்கா."

"தெரியும்."

"முப்பத்தெட்டு நாள் மாத்திரை இல்லாம உரிஞ்சு உரிஞ்சு கிடந்தேன். நீ பேசாம இருந்திருக்கலாம்ல?"

"பேசாம இருந்திருந்தா இன்னும் பன்னெண்டு வாரம் உரிஞ்சிருப்ப. வேலை செய்யாத களிம்பைப் பூசிக்கிட்டு."

"அது எனக்குத் தெரியாதா? முட்டாளா நான்?" அவன் கத்தினான். கத்தியதில் உதட்டோரம் வெடித்து ரத்தம் வந்தது. "ஆனா அந்தப் பன்னெண்டு வாரமும் நம்பிக்கிட்டு இருந்திருப்பேன்ல!"

அவள் நழுவிய பையைத் தோளில் ஏற்றி மாட்டிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு பேர் என்ன, அவளை நாலு கேள்வி கேக்கறேன்" என்று போனைத் தேடினான்.

"அவளைக் கேக்காத. தொட்டிக்கு முன்னாடி வாங்கணும்னு நான் சொல்லல. உன்னைத் தூக்கிக்கிட்டு வண்டியில போகும்போது மறந்துட்டேன்."

"அப்போ என் கால்தான் காரணமா?"

"உன் கால் இல்லடா கழுதை. என் வாய்."

நோய் வந்ததிலிருந்து அவன் அவளை இப்படி எரிக்கிற மாதிரி பார்த்ததில்லை. அவள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். வரும் வழியிலேயே வைத்தியரைக் கேட்டு வாங்கியிருந்தாள். அவன் அதைத் தட்டிவிட்டான். அட்டை அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. அவள் மண்டியிட்டு, துடைப்பக் குச்சியால் இழுத்து எடுத்து, மறுபடி நீட்டினாள். மறுபடி தட்டிவிட்டான். மறுபடி எடுத்தாள். மூன்றாம் தடவை, அவள் முகத்தையே முறைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் கேட்காமல், ஒன்றை வாயில் போட்டு விழுங்கினான்.

"ஈரல் போச்சுன்னா உன்னாலதான்."

"போகட்டும். என்னோடதைத் தர்றேன், அதுவும் சும்மாதான் இருக்கு."

"உன்னோடது வேணாம். பித்தம் பிடிச்ச ஈரல்."

அவள் வாஸ்லின் டப்பாவைத் திறந்து, முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, ஈரத்துணியைப் பிரித்தாள். வெடிப்புகள் காய்ந்த களிமண் மாதிரி வாய் பிளந்திருந்தன. பூச ஆரம்பித்தாள். அவன் காலை இழுத்தான். அவள் கணுக்காலைப் பிடித்துத் திரும்ப வைத்தாள்.

"வலிக்குது."

"வலிக்கட்டும்."

"நிஜமா எவ்வளவு இறங்கிச்சு?"

"ஒண்ணரை."

"ஒண்ணரை என்ன கணக்கு? இறங்குதா இல்லையா?"

"இறங்குது. பத்தல."

அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அது குமிழிக்கா, தோலுக்கா, அக்காவுக்கா என்று அவள் கேட்கவில்லை. குதிகாலுக்கு இன்னும் கொஞ்சம் வாஸ்லினை வழித்து எடுத்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் அடுத்த காலுக்குப் போனார்கள்.